தடையும் உடன்படிக்கையும்: 1952ஆம் ஆண்டின் இறப்பர் - அரிசி ஒப்பந்தம்

வல்லரசுகள் தம் பகைவர்மீது விதிக்கும் பொருளாதாரத் தடைகள், அப்பகையிற் பங்கில்லாத சிறு நாடுகளின் அடுப்பங்கரைவரை சென்று தாக்குவதுண்டு. இதற்கு இலங்கை வரலாற்றிலேயே சான்றுண்டு. மாத்தளை மாவட்டத்தில் யட்டவத்த போன்ற ஊர்களில் இறப்பரை நம்பி வாழ்ந்தோரின் வருவாயும் உணவும் ஒருகாலத்தில் கொரிய யுத்தத்தோடு பிணைந்திருந்தன.

1950இல் மூண்ட அந்த யுத்தத்தால் இறப்பர் விலை உயர்ந்தது. 1951 மே 18ஆந் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, போருக்குதவும் பொருள்களைச் சீனாவுக்கு அனுப்பலாகாதெனத் தீர்மானித்தது. 1955 டிசம்பர் வரை இலங்கை அச்சபையில் உறுப்புரிமை பெறவில்லை. 1952இல் இறப்பர் விலை சரிந்தது. அரிசி விலையோ ஏறியது. இறப்பரை விற்று அரிசி வாங்கிய நாட்டிற்கு இஃது இருபுறமும் இடியாயிற்று.

டட்லி சேனாநாயக்கவின் அரசாங்கம் பொதுவுடைமைக்கு மாறானது. ஆயினும், வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனாநாயக்கவின் முயற்சியால் 1952 டிசம்பர் 18இல் சீனாவுடன் ஐந்தாண்டு ஒப்பந்தம் நிறைவேறியது. ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பர் செல்ல, 270,000 தொன் அரிசி வந்தது. இறப்பருக்குச் சந்தை விலையினும் கூடிய விலை கிடைத்தது. அமெரிக்காவோ 1956வரை இலங்கைக்குப் பொருளாதார உதவி வழங்கவில்லை. சீனாவைத் தனிமைப்படுத்த எழுந்த தடை, பொதுவுடைமையை வெறுத்த அரசொன்றையே பீக்கிங்கின் வாயிலுக்கு இட்டுச்சென்றமை கவனித்தற்குரியது.

ஆயின், அரிசி வந்ததாற் பசி தீர்ந்ததென முடிவு கட்டுதல் பொருந்தாது. 1953 ஜூலையில் மானியம் வெட்டப்பட, பங்கீட்டரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாயிற்று. ஓகஸ்ட் 12ஆந் திகதி ஹர்த்தால் வெடித்தது. ஒக்டோபரில் டட்லி பதவி துறந்தார்.

இன்னொரு முரண்பாடும் உண்டு. விடியற்காலையில் மரம் வெட்டிப் பால் சேகரித்தோருள் இந்திய வம்சாவழித் தமிழரும் அடங்குவர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1952 பொதுத்தேர்தலில் அவர்கள் வாக்குரிமையின்றி நின்றனர். அவ்வாண்டு ஏப்ரலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சத்தியாக்கிரகம் தொடங்கியது. நாட்டிற்கு அரிசி ஈட்டிய கைகளுக்கு, அந்நாட்டின் கொள்கையைத் தீர்மானிக்கும் உரிமை இருக்கவில்லை.

இவ்வொப்பந்தம் பலமுறை புதுப்பிக்கப்பட்டு 1982வரை நீடித்தது. இதனை இராசதந்திர வெற்றியென மட்டும் பயிலுதல் அரைகுறை வரலாறேயாகும். தடை விதித்தோரும் அதனைத் தாண்டியோரும் கணக்கிற் கொள்ளாத மாந்தரையும் சேர்த்தெழுதும்போதே அவ்வரலாறு நிறைவுறும்.