பேடெக்கர் என்னும் ஆகுபெயர்

“திருவள்ளுவரைப் படித்தேன்” என்று ஒருவர் சொல்லும்போது, நூலாசிரியர் பெயர் அவர் இயற்றிய நூலுக்கு ஆகி வருகின்றது. கருத்தாவாகுபெயர் என்று இதனை நாம் வகுப்பில் கற்பிக்கின்றோம். ஐரோப்பிய மொழிகளிலும் இத்தகைய ஆகுபெயர் ஒன்று உண்டு. ஆங்கில அகராதியைப் புரட்டினால், ‘பேடெக்கர்’ என்னும் சொல்லுக்குப் ‘பயண வழிகாட்டி நூல்’ என்று பொருள் எழுதியிருக்கக் காணலாம். வேறு பதிப்பகத்தார் வெளியிட்டதையும் பேடெக்கர் என்றே சொன்ன காலம் ஒன்று இருந்தது. பெரும் புலவர்க்கு வாய்க்கும் இப்பேறு, விடுதிக் கட்டணமும் வண்டிக் கூலியும் எழுதிய ஒரு புத்தக வணிகர்க்கு எவ்வாறு வாய்த்தது? அது சிறிது ஆராயத்தக்கது.

ஊர் காட்டும் நூல்கள் மிகப் பழையன. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பசேனியஸ் என்னும் கிரேக்கர், தம் நாட்டுக் கோயில்களையும் சிலைகளையும் சுற்றிப் பார்த்துப் பத்துப் பகுதிகளாக எழுதி வைத்தார். உரோமாபுரி செல்லும் யாத்திரிகர்க்கென இடைக்காலத்திலும் சிறு நூல்கள் இருந்தன. எனினும், பதினெட்டாம் நூற்றாண்டு வரையில் காட்சி காண்பதற்கென்றே ஐரோப்பாவைச் சுற்றியவர் பெரும்பாலும் செல்வர் வீட்டுப் பிள்ளைகளே. ஆங்கிலப் பிரபுக்களின் மைந்தர் ஓர் ஆசானையும் ஏவலரையும் உடன் அழைத்துக்கொண்டு பாரிசிலும் வெனிசிலும் உரோமிலும் மாதக் கணக்கில் தங்குவர். விளக்கம் சொல்ல ஆசான் இருந்தார். காசு எண்ணிக் கொடுக்க ஏவலன் இருந்தான். அவர்களுக்கு நூலின் தேவை மிகுதியாக இல்லை.

1815-இல் நெப்போலியன் வீழ்ந்தபின் நிலைமை மாறியது. 1827-இல் ரைன் ஆற்றில் நீராவிக் கப்பல்கள் ஒழுங்காக ஓடத் தொடங்கின. 1835-இல் பெல்ஜியத்திலும் ஜெர்மனியிலும் இருப்புப் பாதைகள் திறக்கப்பட்டன. வழக்கறிஞரும் மருத்துவரும் பள்ளியாசிரியரும் சில வார விடுமுறையையும் அளவான பணத்தையும் கொண்டு புறப்படலாயினர். மொழி தெரியாத ஊரில் இறங்கியதும் விடுதிக்காரனும் வண்டிக்காரனும் கூலி வழிகாட்டியும் இவர்களைச் சூழ்ந்துகொள்வர். அவர்கள் சொன்னதே விலை. அவர்கள் காட்டியதே காட்சி.

இக்குறையை முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர் மரியானா ஸ்டார்க் என்னும் ஆங்கில மாது. இவருடைய தந்தை கிழக்கிந்தியக் கும்பெனியின் அலுவலராகச் சென்னைப் பகுதியில் இருந்தவர் என்பது நமக்குச் சுவையான செய்தி. நோயுற்ற உறவினரைப் பேணும்பொருட்டு 1790-களில் இத்தாலியில் தங்கியிருந்த இவர், வீட்டு வாடகை எவ்வளவு, துணி வெளுக்க என்ன கூலி என்பவற்றையெல்லாம் குறித்து வைத்து நூலாக்கினார். 1820-இல் வெளிவந்த இவரது பயண நூலில் ஒரு புதுமையும் உண்டு. சிறந்த ஓவியத்தின் பெயருக்கு அருகில் ஒரு வியப்புக்குறி இட்டார். அதனினும் சிறந்ததற்கு இரண்டு, மூன்று என்று குறிகளைக் கூட்டினார். பிற்கால விண்மீன் குறிகளுக்கு இதனை முன்னோடி எனலாம்.

அந்நூலை வெளியிட்டவர் லண்டன் பதிப்பாளர் ஜான் மரே. கவிஞர் பைரனின் நூல்களை வெளியிட்டவரும் அவரே. தந்தையின் பெயரையே கொண்ட அவர் மகன் 1829-இல் ஐரோப்பாவின் வடபகுதியில் பயணம் செய்தபோது, தக்க நூல் இல்லாமல் இடர்ப்பட்டுத் தாமே குறிப்பெடுக்கத் தொடங்கினார். அக்குறிப்புகள் 1836-இல் கைந்நூலாக வெளிவந்தன. ஹாலந்து, பெல்ஜியம், பிரஷியா, வட ஜெர்மனி ஆகியன அதில் அடங்கின.

ஏறத்தாழ இதே காலத்தில் ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரில் கார்ல் பேடெக்கர் புத்தகக் கடை வைத்திருந்தார். 1801-இல் எஸ்ஸென் நகரில் பிறந்தவர். 1827-இல் தொழில் தொடங்கியவர். 1832-இல் நொடித்துப்போன வேறொரு பதிப்பகத்தை வாங்கியபோது, அதனுடன் பேராசிரியர் கிளைன் 1828-இல் எழுதிய ரைன் பயண நூலும் இவர் கைக்கு வந்தது. மைன்ஸ் நகரிலிருந்து கொலோன் வரையிலான வழியை விரைந்து செல்லும் பயணிகளுக்கென விளக்கும் நூல் அது. பேடெக்கர் அதனைத் திருத்திப் புதுக்கினார்; மரேயின் அமைப்பைப் பின்பற்றினார்; பின்பற்றியதை மறைக்கவும் இல்லை. 1840-களில் கட்டாயம் காணவேண்டியவற்றுக்கு விண்மீன் குறி இடும் முறையையும் கொண்டுவந்தார். அவர் நூல்களுக்குச் சிவப்பு அட்டை வந்தது 1850-களில். அதுவும் மரேயின் நிறமே.

அப்படியானால் அவர்தம் தனிச் சிறப்பு யாது? அவர் தாமே நடந்து பார்த்தார். அதைப்பற்றி ஒரு செய்தி வழங்குகின்றது. மிலான் பேராலயத்தின் கூரைக்கு ஏறும் படிகளில் ஒருவர் இருபது படி ஏறியவுடன் ஒரு பையிலிருந்து பட்டாணி ஒன்றை எடுத்து மற்றொரு பையில் போட்டுக்கொண்டே சென்றாராம். இறங்கும்போதும் அவ்வாறே செய்து சரிபார்த்தாராம். அவரே பேடெக்கர். மாணவர்களை லயத்திலிருந்து பள்ளி வரை அடி எண்ணி வரும்படி அனுப்பிப் பார்த்த ஆசிரியர்களுக்கு இதன் அருமை விளங்கும். என் பள்ளியில் இருவர் கணக்கு ஒத்து வந்த நாள் அரிது.

கூலி வழிகாட்டிகளின் கையிலிருந்து பயணியை விடுவிப்பதே தம் நோக்கம் என்று அவர் வெளிப்படையாக எழுதினார். தம்மை யாரென்று சொல்லாமல் விடுதிகளில் தங்கினார். நூலில் விளம்பரத்துக்கு இடம் தரவில்லை. மரேயின் நூல்களில் விளம்பர ஏடுகள் சேர்ந்து வந்தன என்பதை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். விடுதிக்காரரிடம் காசு வாங்காதவர் எழுதிய விடுதிக் குறிப்பை மக்கள் நம்பினர். அந்த நம்பிக்கையே பெயரை ஆகுபெயராக்கிற்று.

1859-இல் அவர் மறைந்தபின் மைந்தர்கள் தொழிலை வளர்த்தனர். 1861-இல் முதல் ஆங்கிலப் பதிப்பு வெளிவந்தது. 1872-இல் பதிப்பகம் லைப்சிக் நகருக்குக் குடிபெயர்ந்தது. நூல்கள் பெருகப் பெருக எள்ளி நகையாடுவோரும் பெருகினர். ஏட்டில் மூக்கை நுழைத்துக்கொண்டு கோபுரத்தைக் காணாமற் போகும் பயணி கேலிக்குரியவன் ஆனான். ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். பார்ஸ்டர் 1908-இல் வெளியிட்ட புதினத்தில், பிளாரன்சு நகரத் தேவாலயம் ஒன்றில் கதைத்தலைவி கையில் பேடெக்கர் இன்றித் திகைத்து நிற்பதை ஓர் அதிகாரமாகவே அமைத்துள்ளார். கேலி நியாயமானதே. ஆயினும் அந்நூல் இல்லையேல் அப்பெண்ணைப் போன்றவர் பலர் அவ்வூருக்கு வந்தே இருக்கமாட்டார் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

1914-இல் இந்தியா, இலங்கை, பர்மா, மலாய்த் தீபகற்பம், சயாம், ஜாவா ஆகியவற்றை அடக்கிய பேடெக்கர் ஒன்று ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. அவ்வாண்டே உலகப் போர் மூண்டது. அந்நூலுக்கு ஆங்கிலப் பதிப்பு வரவே இல்லை. பேடெக்கரின் ஆங்கிலப் பதிப்பாசிரியராயிருந்த மியூர்ஹெட் உடன்பிறந்தார் இருவரும் வேலை இழந்து, 1918-இல் ‘நீல வழிகாட்டி’ வரிசையை லண்டன் நகர நூலுடன் தொடங்கினர்.

நிற்க. இரண்டாம் உலகப் போரில் இந்நூலுக்கு நேர்ந்ததை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். 1940 பிப்ரவரி 21-ஆம் நாள் ஹிட்லர், தளபதி பால்கன்ஹார்ஸ்டை அழைத்து, நார்வேயைக் கைப்பற்றுவதற்கான திட்டத்தை அன்று மாலைக்குள் தரும்படி பணித்தார். அந்நாட்டைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. நேரே கடைக்குச் சென்று ஒரு பேடெக்கரை வாங்கி, விடுதி அறையில் அமர்ந்து திட்டம் வகுத்ததாக அவரே பின்னர்க் கூறியுள்ளார்.

1942 மார்ச்சு இறுதியில் ஆங்கில விமானங்கள் லூபெக் என்னும் பழைய நகரை எரித்தன. அதற்குப் பழிவாங்க ஏப்ரல் முதல் எக்சிட்டர், பாத், நாரிச், யார்க், காண்டர்பரி ஆகிய நகரங்களை ஜெர்மானியர் தாக்கினர். படை வலிமைக்கன்று, பழமைக்கும் அழகுக்கும் பெயர்பெற்ற ஊர்கள் அவை. பேடெக்கரில் மூன்று விண்மீன் பெற்ற ஒவ்வொரு கட்டடத்தையும் அழிப்போம் என்ற பொருள்பட ஜெர்மன் அயலுறவுத் துறை அலுவலர் ஒருவர் பேசியதாகச் செய்தி பரவியது. 1,600-க்கு மேற்பட்ட மக்கள் மாண்ட அத்தாக்குதல்களை வரலாற்று நூல்கள் ‘பேடெக்கர் தாக்குதல்கள்’ என்றே குறிக்கின்றன. உண்மையில் பேடெக்கர் எதற்கும் இரண்டு விண்மீனுக்கு மேல் இட்டதில்லை. அழிப்பேன் என்றவர் நூலைத் திறந்து பார்த்தவரல்லர்.

இதில் பதிப்பகத்தார்மீது குற்றம் இல்லை. நூல் கடையில் கிடந்தது, கெட்டவனும் வாங்கினான். ஆனால் 1943-இல் வெளிவந்த மற்றொரு பேடெக்கரைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலாது. நாஜிகள் ‘பொது ஆட்சிப் பகுதி’ என்று பெயரிட்டு ஆண்ட போலந்துப் பகுதிக்கு எழுதப்பட்ட வழிகாட்டி அது. அப்பகுதியின் ஆளுநர் ஹான்ஸ் பிராங்கின் முன்னுரையைத் தாங்கி வந்தது. வழக்கம்போலவே பதிப்பகத்தின் ஆள் 1942 இலையுதிர் காலத்தில் நேரில் சென்று சுற்றிப் பார்த்தார். இருப்புப் பாதைகள், தேவாலயங்கள், விடுதிகள் எல்லாம் நூலில் முறையாக உள்ளன. முன்பு யூதர் பெருந்தொகையாக வாழ்ந்த ஊர்களைக் கூறுமிடத்து, இப்போது அங்கு யூதர் இல்லை என்னும் குறிப்பும் வருகின்றது. அவர்கள் எங்கே போயினர் என்று நூல் கூறவில்லை. பெல்செக், சோபிபோர், டிரெப்ளிங்கா ஆகிய கொலைக்களங்கள் அந்நூல் விளக்கிய எல்லைக்குள்ளேயே இருந்தன. பட்டாணி வைத்துப் படி எண்ணியவரின் பெயரை அட்டையில் தாங்கிய நூல் இது. பொய்யான கட்டணத்தை எழுதியிருந்தால் பயணி ஒருவன் பணத்தை இழந்திருப்பான். இங்கே அச்சிட்ட மௌனத்துக்கு என்ன பெயர் இடுவது?

அவ்வாண்டு டிசம்பர் 4-ஆம் நாள் விடியுமுன் ஆங்கில விமானங்கள் லைப்சிக் நகரைத் தாக்கின. அச்சகங்களும் பதிப்பகங்களும் நிறைந்த பகுதி எரிந்தது. பேடெக்கர் நிலையமும், தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த ஏடுகளும் சாம்பலாயின. போருக்குப்பின் குடும்பத்தார் தொழிலை மீண்டும் தொடங்கினர். பழைய பதிப்புகளை இன்று தேடுவோர் விடுதிக் கட்டணம் பார்க்கத் தேடுவதில்லை. எரிந்துபோன லூபெக்கிலும் லைப்சிக்கிலும் எந்தத் தெரு எந்தத் தேவாலயத்தின் பக்கம் திரும்பிற்று என்று அறியவே அந்த மடித்த நகரப் படங்களை விரித்துப் பார்க்கின்றனர்.