சாம்பற் கிண்ணமும் மேலங்கியும்: சிறுகதை வரலாற்றில் அன்றாடப் பொருள்கள்

1887ஆம் ஆண்டில் அன்ரன் செக்கோவைச் சந்தித்த ரஷ்ய எழுத்தாளர் கொரலெங்கோ, அச்சந்திப்பிலே நிகழ்ந்த சிறு சம்பவமொன்றைத் தமது நினைவுக் குறிப்பிலே பதிவுசெய்துள்ளார். தாம் கதை எழுதும் முறையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த செக்கோவ் மேசையை நோக்கினார். முதலிற் கண்ணிற்பட்ட சாம்பற் கிண்ணத்தை எடுத்து முன்னே வைத்தார். வேண்டுமாயின் மறுநாளே அதன் பெயரில் ஒரு கதை ஆயத்தமாகிவிடும் என்றார். எப்பொருளும் கதைக்கு வித்தாகலாம் என்னும் கருத்துக்கு இச்சம்பவம் சான்றாக எடுத்தாளப்படுவதுண்டு. ஆயின், எப்பொருளும் எக்கதைக்கும் பொருந்துமா? சிறுகதையின் வரலாறு இவ்வினாவிற்குத் தெளிவான விடையைத் தருகின்றது.

பொருளொன்றை மையமாகக் கொண்டு கதை கூறும் வழக்கம் நவீன சிறுகதைக்கு முற்பட்டது. 1710இல் ஜோசப் அடிசன் ‘தற்லர்’ என்னும் ஏட்டிலே ஷிலிங் நாணயமொன்று தன் வரலாற்றைத் தானே கூறுவதாக எழுதினார். 1760இல் வெளிவரத் தொடங்கிய சார்ள்ஸ் ஜோன்ஸ்ரனின் ‘கிறிசல்’ என்னும் நூலிலே கினி நாணயமொன்று கைமாறிக் கைமாறிச் சென்று தான் கண்டவற்றைக் கூறுகின்றது. நாணயம் கதைசொல்லியாக அமைந்தமை தற்செயலன்று. வணிகம் பெருகிய ஆங்கிலச் சமுதாயத்திலே பிரபுவின் மாளிகைக்கும் கள்வனின் மடிக்கும் தடையின்றிச் செல்லக்கூடிய பொருள் அதுவேயாகும்.

பிற்காலத்தில் இம்மரபு கருணையின் குரலாக மாறிற்று. 1847இல் அன்டர்சன் பழைய தெருவிளக்கு ஒன்றிற்கு நினைவும் துயரமும் அளித்தார். 1884இல் தாகூர் கங்கைப் படித்துறையையே பேசவைத்தார். 1915இல் ‘விவேகபோதினி’யில் வெளிவந்த வ. வே. சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ இம்மரபின் தமிழ்க் கிளையாகும். பெண்ணின் துயரத்தைக் கேட்க மனிதர் எவரும் இல்லாதவிடத்துக் கல்லும் மரமும் அதனைக் கேட்டன என்பதே இக்கதைகளின் உட்பொருள் எனலாம்.

இதற்கு மாறாக, பொருள் வாய் திறவாது நிற்க, அதனைச் சூழ்ந்த மனிதரின் உறவுகளே கதையாக விரியும் மரபொன்றும் தோன்றிற்று. 1842இல் வெளிவந்த கொகோலின் ‘மேலங்கி’ அதன் தலையாய எடுத்துக்காட்டாகும். இக்கதை பிறந்த வரலாற்றை அன்னென்கோவ் என்பவர் எழுதிவைத்துள்ளார். பறவை வேட்டையிலே பெருவிருப்புக் கொண்ட ஏழை எழுதுவினைஞர் ஒருவர், மிகையாக உழைத்து இருநூறு ரூபிள் சேமித்து நல்ல துப்பாக்கியொன்றை வாங்கினார். முதன்முறையாகப் பின்லாந்து வளைகுடாவிலே சிறு படகிற் சென்றபொழுது, அடர்ந்த நாணற்புதர்கள் அதனை நீருள் இழுத்துவிட்டன. அவர் நோயுற்றுப் படுக்கையில் வீழ்ந்தார். சக ஊழியர்கள் பணம் திரட்டி வேறொரு துப்பாக்கி வாங்கிக் கொடுத்தபின்னரே தேறினார். இந்நிகழ்ச்சியைக் கேட்டோர் நகைத்தனர். கொகோல் மட்டும் தலைகுனிந்து சிந்தனையில் ஆழ்ந்திருந்தார்.

கொகோல் இந்நிகழ்ச்சியிற் செய்த மாற்றங்கள் கூர்ந்து நோக்கத்தக்கவை. துப்பாக்கி மேலங்கியாயிற்று. துப்பாக்கி பொழுதுபோக்கிற்குரியது, அதனை இழந்தவன்பால் இரக்கமும் எழலாம், நகைப்பும் எழலாம். பீற்றர்ஸ்பேர்க் நகரின் பனிக்காலத்திலே மேலங்கியோ உயிர்காப்பது. ஆண்டுக்கு நானூறு ரூபிள் வருமானமுடைய அக்காக்கி அக்காக்கியெவிச் எண்பது ரூபிள் பெறுமதியான மேலங்கிக்காக மாலைத் தேநீரைக் கைவிடுகிறான்; மெழுகுதிரி ஏற்றாது இருக்கிறான்; காலணி தேயாதிருக்கக் கால்நுனியில் நடக்கிறான். முதல்நாள் இரவிலேயே அது பறிக்கப்படுகின்றது. முறையிடச் சென்றவிடத்து உயர் அதிகாரி அதட்டி விரட்டுகிறான். உண்மை நிகழ்ச்சியிற் சக ஊழியர் திரட்டிய பணம் இழப்பை ஈடுசெய்தது. கதையிலே அவ்வாறு திரட்டப்பட்ட தொகை மிகச் சொற்பம். பொருள் மாறியதும் வேடிக்கைத் துணுக்கு ஓர் ஆட்சியமைப்பின் மீதான குற்றச்சாட்டாகிவிட்டது.

பொருளின் விலை அற்பமாயினும் இஃது இயலும் என்பதை 1883இல் வெளிவந்த மாப்பசானின் ‘கயிற்றுத் துண்டு’ காட்டுகின்றது. சிக்கனம் மிக்க நோர்மண்டிக் கிழவன் ஒருவன் சந்தைக்குச் செல்லும் வழியிற் கயிற்றுத் துண்டொன்றைக் குனிந்து எடுக்கிறான். அதனைக் கண்ட பகைவன், அவன் பிறரது பணப்பையை எடுத்தான் எனப் பழி சுமத்துகிறான். பை கிடைத்த பின்பும் ஊரார் கிழவனை நம்பவில்லை; அவன் கயிற்றைப் பற்றியே பிதற்றியவண்ணம் இறக்கிறான். சல்லிக்காசும் பெறாத கயிறு, ஊர் ஒருவனை எவ்வாறு அளந்து வைத்துள்ளது என்பதை வெளிப்படுத்திவிடுகின்றது.

தமிழில் இவ்வகைக்குச் சிறந்த உதாரணம் கி. ராஜநாராயணனின் ‘நாற்காலி’. வீட்டிற்கு வந்த சப்ஜட்ஜ் முக்காலியிலிருந்து விழுந்துவிட, குடும்பத்தார் ஆலோசித்து நாற்காலி செய்விக்கின்றனர். கௌரவத்திற்காகச் செய்யப்பட்ட அப்பொருள், ஊரில் இறந்தோரை உட்காரவைப்பதற்கு இரவல் போகத் தொடங்குகின்றது. பின்னர் வீட்டாரே அதில் அமர அஞ்சுகின்றனர். நாற்காலி அறியாத கிராமம் அதனைத் தன் வழக்கத்திற்கு இசைவாக ஆக்கிக்கொண்ட விதமே கதையின் நகைச்சுவைக்கு ஊற்று.

அதே நாற்காலி யாழ்ப்பாணத்து வரலாற்றிலே வேறொரு பொருள் தருவது. 1930ஐ அண்டிய ஆண்டுகளில் பாடசாலைகளிலே ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குச் சம ஆசனம், சம போசனம் வேண்டி இயக்கம் நடந்தது; அதற்குக் கடும் எதிர்ப்பும் எழுந்தது. ஆசனம் அங்கு நகைச்சுவைக்குரியதன்று, மறுக்கப்பட்ட உரிமை. தேநீர்க் கடையிலே சிலருக்குக் குவளையும் வேறு சிலருக்குச் சிரட்டையும் வழங்கப்பட்ட காலத்தில், சிரட்டையைப் பற்றி எழுதுவதே ஒரு சமூக நிலைப்பாடாகும். இம்மண்ணின் முற்போக்கு எழுத்தாளருள் ஒருவரான டொமினிக் ஜீவா தமது தொகுதிகளுக்குத் ‘தண்ணீரும் கண்ணீரும்’ (1960), ‘பாதுகை’ (1962) எனப் பெயரிட்டமை இப்பின்னணியில் வைத்து நோக்கற்பாலது. நீரும் செருப்பும் அன்றாடப் பொருள்களே. ஆயினும் எக்கிணற்றிலே நீர் அள்ளலாம், எவர் முன்னிலையிற் செருப்பு அணியலாம் என்பவற்றைச் சாதியே தீர்மானித்தது.

ஆகவே, செக்கோவின் கூற்றைக் கைவன்மை பற்றிய பெருமிதமாக மட்டும் கொள்ளல் பொருந்தாது. சாம்பற் கிண்ணம் கதையாக வேண்டுமாயின், அதில் எவர் சாம்பலைத் தட்டினார், அதனை நாள்தோறும் எவர் துலக்கி வைக்கிறார் என்பன எழுத்தாளனுக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். கொகோல் துப்பாக்கியை விடுத்து மேலங்கியை ஏற்றது, அந்த எழுதுவினைஞனின் வாழ்க்கையை அவர் அறிந்திருந்தமையாலேயே ஆகும்.