ஒன்றரை ஷிப்ட்

திருப்பூரில் வழங்கும் சொற்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது 'ஒன்றரை ஷிப்ட்' என்பதுதான். காலை எட்டரைக்குப் பனியன் கம்பெனிக்குள் நுழைந்தால் மாலை ஐந்தரையோடு ஒரு ஷிப்ட் முடியும். இரவு எட்டரை, ஒன்பது வரை இருந்தால் இன்னும் அரை. கேட்பதற்கு, அரைப்படி அரிசி கூடுதலாக வாங்கியது போல் சாதாரணமாகத்தான் இருக்கிறது. கூட்டிப் பார்த்தால் 12 மணி நேரம்!

இந்தப் பன்னிரண்டுக்கு ஒரு சரித்திரம் உண்டு. பம்பாய் ஆலைகளில் மின்சார விளக்கு எரியத் தொடங்கியதும், அஸ்தமனத்தோடு ஓய்ந்துகொண்டிருந்த இயந்திரங்கள் இரவிலும் ஓடின. 1905-ஐ ஒட்டி 14, 15 மணி நேரம் உழைத்தவர்கள் உண்டு. 1907-இல் சர்க்கார் ஒரு கமிஷனை நியமித்தது. அதன் அங்கத்தினரில் ஒருவர் சென்னை டாக்டர் டி. எம். நாயர். 1916-இல் தியாகராயச் செட்டியாரோடு சேர்ந்து அரசியல் இயக்கம் கண்டவராக அவரை நாம் அறிவோம்; அவர் காது மூக்கு தொண்டை வைத்தியர் என்பது மறந்துபோயிற்று. வயது வந்த ஆண்பிள்ளையின் வேலை நேரத்தில் சட்டம் நேராகத் தலையிட வேண்டாம் என்றது கமிஷனின் பெரும்பான்மை. நாயர் சம்மதிக்கவில்லை. ஆண்களுக்கும் சட்டமே வரம்பு கட்ட வேண்டும் என்று தனிக் குறிப்பு எழுதினார். 1911-ஆம் வருஷத்துச் சட்டம் நெசவாலைகளில் ஆண்களுக்கு 12 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. அன்றைக்கு அது பெரிய கருணை.

பிறகு அந்த எண் இறங்கிக்கொண்டே வந்தது. 1922-இல் 11. 1934-இல் 10. 1948-ஆம் வருஷத்துச் சட்டத்தில் நாளுக்கு 9, வாரத்துக்கு 48. ஐந்து மணி நேரத்துக்கு மேல் போனால் நடுவில் அரைமணி ஓய்வு. மிகை நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. இதற்கிடையில் பிரிட்டனில், 1915-இல், யுத்த தளவாடத் தொழிலாளரின் ஆரோக்கியத்தை ஆராய ஒரு குழு போட்டார்கள். யுத்த காலம், குண்டு அவசரம். அப்படியும் நேரத்தைக் குறைத்த இடங்களில் உற்பத்தி குறையவில்லை, சில இடங்களில் கூடிற்று என்று கண்டார்கள். களைத்த கை சாமானைக் கெடுக்கும் என்பது தையற்காரருக்குத் தெரியாத சங்கதியா?

திருப்பூரில் பீஸ் ரேட்டும் ஷிப்மெண்ட் தேதியும் வேறு கணக்குப் பேசின. பல இடங்களில் அந்த அரைக்குக் கூலி இரட்டிப்பாக வரவில்லை, ஒற்றையாகவே வந்தது. சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பி வாடகையும் சீட்டும் கட்டுகிறவர்கள் அரையை விட முடியுமா? 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு இடம் தரும் மசோதா ஒன்று தமிழ்நாட்டுச் சட்டசபையில் நிறைவேறி, எதிர்ப்புக் கிளம்பியதும் மே தினத்தில் வாபஸ் என்று அறிவிக்கப்பட்டது. ஒன்றரை ஷிப்ட் அதற்கெல்லாம் வெகு காலம் முந்தியது.

நல்ல தூக்கம், காய்கறி, தேகப்பயிற்சி என்று ஆரோக்கியத்துக்கு வழி சொல்லுகிறோம். இரவு ஒன்பதுக்கு ஓவர்லாக் மெஷினை விட்டு எழுந்த பெண், பஸ் பிடித்து வீடு சேர்ந்து, அடுப்பு மூட்டி, பாத்திரம் கழுவிப் படுக்கும்போது பதினொன்றாகிறது. காலைச் சமையலுக்கு ஐந்து மணிக்கு எழ வேண்டும். தினம் அரைமணி நடந்துவாருங்கள் என்று அவளிடம் எந்த வைத்தியர் சொல்லுவார்? நாயரும் ஒரு வைத்தியர்தாம். அவர் மருந்துச் சீட்டில் எழுதியது மணிக்கணக்கை.