கணக்கு ஆபீசுக்கு இரண்டு வழி

சி.வி. ராமன் பிறந்தது திருவானைக்காவலில், 1888 நவம்பர் 7 அன்று. அதற்கு ஏறக்குறைய ஒரு வருஷம் முன்பு, 1887 டிசம்பரில், ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் ராமானுஜன். இருவருமே காவிரிக்கரைப் பிள்ளைகள். பரீட்சை என்று வந்தால் மட்டும் இருவருக்கும் இடையே ஏணி வைத்தாலும் எட்டாது.

1904இல் ராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முதலிடம், தங்கப் பதக்கம். அதே ஆண்டு உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த ராமானுஜனுக்குக் கணிதம் தவிர வேறு எதிலும் மனம் ஒட்டவில்லை. ஆங்கிலத்தில் கோட்டை விட்டார், உதவித்தொகை போயிற்று. பிறகு பச்சையப்பன் கல்லூரி. 1906, 1907 இரண்டு தடவையும் எஃப்.ஏ. என்ற கல்லூரி முதற்கட்டத் தேர்வில் ஃபெயில், காலை வாரியது உடலியல் பாடம்.

வேடிக்கை இனிமேல்தான். நிதித்துறைத் தேர்வில் முதலாவதாக வந்த ராமன் 1907இல் கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆனார். எஃப்.ஏ. தேறாத ராமானுஜன் 1912இல் சென்னைத் துறைமுக டிரஸ்டில் கணக்குப் பிரிவு குமாஸ்தா, மாதம் 30 ரூபாய். முதல் மாணவருக்கும் ஃபெயிலான மாணவருக்கும் அன்றைய படிப்பு காட்டிய இடம் கணக்கு ஆபீஸ்தான்! ராமன் ஆபீசுக்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெரு ஆய்வுக்கூடத்தில் கிடந்தார். ராமானுஜன் மேலதிகாரி நாராயண ஐயரோடு சாயங்காலங்களில் சிலேட்டில் கணக்குப் போட்டார்.

ராமானுஜனைப் போலத் திறமைக்குக் குறைவாக மார்க் வாங்குபவரைக் குறைசாதனையாளர் என்றும், கணித்ததைத் தாண்டி வாங்குபவரை மிகைசாதனையாளர் என்றும் உளவியலார் பிரிக்கிறார்கள். இரண்டாவது பெயர் விசித்திரமானது. ஒருவர் கணிப்பைத் தாண்டினால் தப்பு கணிப்பின் மேல்தானே? 1921இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் உளவியலாளர் லூயிஸ் டெர்மன் புத்திசாலிக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார். வளர்ந்தபின் மேலே வந்தவர்களையும் பின்தங்கியவர்களையும் ஒப்பிட்டதில் புத்திக்கூர்மையில் பெரிய வித்தியாசம் இல்லை. விடாப்பிடி, தன்னம்பிக்கை, இலக்கில் குறி ஆகியவற்றில்தான் வித்தியாசம் தெரிந்தது. டெர்மனின் சோதனையில் தேறாத வில்லியம் ஷாக்லி பிற்பாடு நோபல் வாங்கியது தனிக்கதை.

திருச்சி ஜோசப் காலேஜுக்கு 1950இல் ராமேஸ்வரத்திலிருந்து வந்த அப்துல் கலாமும் மார்க்கை வைத்துப் பார்த்தால் கெட்டிக்கார மாணவர் அல்ல. அவரே எழுதியிருக்கிறார். விடுதியில் அவருக்கு இரண்டு அறைத்தோழர்கள். ஒருவர் ஆசாரமான ஸ்ரீரங்கத்து ஐயங்கார், மற்றவர் கேரள சிரியன் கிறிஸ்தவர். மூன்றாம் ஆண்டில் சைவ மெஸ்ஸுக்குச் செயலாளராகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெக்டராக இருந்த களத்தில் என்ற பாதிரியாரையே விருந்துக்கு அழைத்தார். தோதாத்ரி ஐயங்கார் கணிதம் நடத்த, செக்வைரா பாதிரியார் ஆங்கிலம் நடத்த, கலாம் டால்ஸ்டாயும் ஹார்டியும் படித்துக்கொண்டிருந்தார். பி.எஸ்சி. இயற்பியல் முடித்த பிறகே, தன் விமானக் கனவுக்கு எஞ்சினீயரிங் அல்லவா படித்திருக்க வேண்டும் என்று உறைத்தது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர ஆயிரம் ரூபாய் வேண்டும். அக்கா ஜோஹரா வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார்.

எம்.ஐ.டி.யில் விமான வடிவமைப்பு வேலை மந்தமாக நடப்பதைப் பார்த்த பேராசிரியர் சீனிவாசன் கலாமைக் கடிந்துகொண்டார். ஒரு மாதம் அவகாசம் கேட்டவருக்குக் கிடைத்தது மூன்று நாள். அதற்குள் வரைபடம் வராவிட்டால் உதவித்தொகை நிற்கும். ராத்திரிச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு, வரைபலகையே கதியென்று கிடந்து கலாம் முடித்துக் கொடுத்தார். உதவித்தொகையைப் பறித்தும் ராமானுஜனை ஆங்கிலக் கட்டுரை எழுத வைக்க முடியவில்லை. கலாம் முன்னால் இருந்ததோ சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்ட விமானம்.