பாவாடைக்குள் மறைந்த கால்சட்டை

ஐரோப்பியப் பயணத்துக்குத் தொளதொளப்பான கால்சட்டையும் ரப்பர் அடி வைத்த ஷூவும் எடுத்துவைப்பது இன்று பெண்களுக்கும் இயல்பு. துணியும் தையலும் முன்னேறியதால் வந்த வசதி இது என்று சொல்வதுண்டு. ஆல்ப்ஸ் மலையேறிய பெண்களின் வரலாறு அதை அவ்வளவாக ஆதரிக்கவில்லை. 1838இல் மோன் பிளாங் ஏறிய ஆன்ரியெட் தான்ஷ்வில், கம்பளிக் கால்சட்டை அணிந்து, அதன்மேல் நீண்ட அங்கி போட்டுக்கொண்டார். தைக்கும் கை அப்போதே இருந்தது. ஆனாலும் 33 ஆண்டுகள் கழித்து, 1871இல், மாட்டர்ஹார்ன் உச்சியைத் தொட்ட முதல் பெண்ணான லூசி வாக்கர் பாவாடையோடுதான் ஏறினார். இடையே 1859இல் மோன்டே ரோசா பயண நூல் எழுதிய திருமதி கோல் ஓர் உபாயம் சொன்னார்: பாவாடையின் உள்தையலில் சிறு வளையங்களைத் தைத்து, அவற்றினூடே கயிற்றைக் கோத்துவிட்டால், வேண்டும்போது இழுத்து உயர்த்திக்கொள்ளலாம். ஊர் நெருங்கியதும் இறக்கிவிடலாம் என்பதுதானே இதன் வசதி! எலிசபெத் லே பிளாண்டும் ஊர் எல்லையைத் தாண்டும்வரை பாவாடை அணிந்து, பிறகு அதைக் கழற்றிவிட்டு உள்ளே போட்டிருந்த கால்சட்டையோடு ஏறினார். 1907இல் தொடங்கிய மகளிர் ஆல்பைன் சங்கத்துக்கு முதல் தலைவர் அவர்தான். அப்படிப்பட்டவருக்கே மறைப்பு தேவைப்பட்டது. தையற்காரர் எப்போதோ தீர்த்துவிட்ட சிக்கலை ஊரார் கண் தீரவிடவில்லை.

பெண்களின் உடுப்பை மாற்றியது 1890களின் சைக்கிள் மோகம்தான், மலையல்ல என்று மறுக்கலாம். மறுப்பில் உண்மை உண்டு. ஆனால் அது என் வாதத்துக்கே துணை நிற்கிறது. மலையில் ஆளில்லாத இடத்தில் நடந்ததை சைக்கிள் நடுத்தெருவுக்குக் கொண்டுவந்தது. புதிதாக எந்தத் துணியும் அதற்குத் தேவைப்படவில்லை. பார்த்துப் பார்த்துப் பழகியது கண்.

காலணி விஷயத்தில் மட்டும் இந்த வாதம் செல்லாது. அங்கே நிஜமாகவே பொருள் போதவில்லை. அடியில் இரும்பாணி அடித்த கனத்த தோல் பூட்ஸ் பனியில் பிடித்தது. ஆனால் ஆணி வழியே குளிர் காலுக்கு ஏறியது. பாறை ஏற அது கனமாகவும் இருந்தது. அதனால் செங்குத்துப் பாறைக்கு வந்ததும் அதைக் கழற்றி, மெல்லிய அடி கொண்ட இலேசான ஷூவுக்கு மாறினார்கள். 1935இல் இத்தாலியின் புன்டா ரசிகாவில் அப்படிப் போன குழுவைப் பனிப்புயல் மடக்கியது. ஆறு பேர் இறந்தார்கள். அவர்களின் தோழரான மிலான் மலையேறி விட்டாலே பிரமானி, டயர் நிறுவனமான பிரெல்லியின் உதவியோடு, பாறைக்கும் பனிக்கும் பொதுவாக ஆழப் பள்ளம் வெட்டிய ரப்பர் அடியை உருவாக்கி 1937இல் காப்புரிமை பெற்றார். அவர் பெயர், குலப்பெயர் இரண்டின் தொடக்க எழுத்துகளைச் சேர்த்ததே ‘விப்ரம்’. 1954இல் கே2 உச்சியை முதன்முதலாக எட்டிய இத்தாலியர்கள் அணிந்ததும் அந்த அடிதான். இன்று ரோமின் கருங்கல் பாவிய தெருக்களில் நாள் முழுக்க நடக்கிறவர்களின் ஷூக்கள் பலவும் அந்த வழியில் வந்தவை.

இரண்டு தடைகளில் ரப்பர் தீர்த்தது முழுவதும் தீர்ந்தது. மற்றது அப்படியில்லை. அதே ரோமுக்குள் அமைந்த வத்திக்கானில், புனித பேதுரு பேராலய வாசலில் தோளும் முழங்காலும் மூடியிருக்கிறதா என்று, ஆண் பெண் பாராமல், இன்றும் பார்க்கிறார்கள்; வெயிலுக்கென்று எவ்வளவு யோசித்து உடுத்திப் போனாலும் பையில் ஒரு துப்பட்டா வேண்டியிருக்கிறது.