ஆவணச் சிறுதிருத்தம் (மென்பொருள்)

ஆவணச் சிறுதிருத்தம் என்பது திறந்த மூல மென்பொருள் ஒன்றின் கையேடு, உதவிப் பக்கம், நிறுவற் குறிப்பு முதலிய ஆவணங்களில் காணப்படும் எழுத்துப்பிழை, தெளிவற்ற சொற்றொடர், வழக்கொழிந்த கட்டளை போன்றவற்றைத் திருத்துமாறு பயனர் ஒருவர் முன்வைக்கும் முன்மொழிவு ஆகும். இது நிரலின் செயற்பாட்டை மாற்றுவதில்லை. புதியவர்கள் பலர் ஒரு திட்டத்துக்கு அளிக்கும் முதற் பங்களிப்பு இதுவே. முன்மொழிவது எளிது, ஆனால் அதனைப் பரிசீலித்துச் சேர்க்கும் பணி பராமரிப்பாளரைச் சாரும். இச்சமனின்மையே இது தொடர்பான நடைமுறைகள் பலவற்றுக்குக் காரணமாகும்.

வகைகள்

- எழுத்துப்பிழைத் திருத்தம்: பொருள் மாறாது. பரிசீலனை விரைவில் முடியும்.
- தெளிவுத் திருத்தம்: நீண்ட வாக்கியத்தைப் பிரித்தல், விடுபட்ட படிநிலையைச் சேர்த்தல் போன்றவை. திருத்தியவர் பொருளைச் சரியாக உணர்ந்துள்ளாரா என்பது சரிபார்க்கப்படும்.
- பொருளைத் தொடும் திருத்தம்: தோற்றத்தில் சிறியது, விளைவில் பெரியது. 1997 மார்ச்சில் வெளியான ஆர்.எஃப்.சி 2119, இணைய நெறிமுறை ஆவணங்களில் வரும் 'மஸ்ட்', 'ஷுட்', 'மே' ஆகிய சொற்களை முறையே கட்டாயம், பரிந்துரை, விருப்பம் என வரையறுக்கின்றது. இத்தகைய ஆவணத்தில் நடையழகு கருதி ஒரு சொல்லை மாற்றினால் விதியே மாறிவிடும்.

வரலாறு

டொனால்ட் குனூத் தம் நூல்களில் பிழை கண்டு தெரிவிப்போருக்கு 2.56 டாலர் காசோலை அனுப்பி வந்தார். 256 சென்ட் என்பது பதினறும எண்முறையில் ஒரு டாலர் என்பது இதன் விளக்கம். டெக் மென்பொருளின் கையேடான 'டெக்புக்' நூலும் இதில் அடங்கும்; அச்சுப்பிழைகளும் ஏற்கப்பட்டன. 2008 முதல் காசோலைக்கு மாறாகச் சான்றிதழ் வழங்கப்படுகின்றது.

நடைமுறை

லினக்ஸ் கருனியில் திருத்தங்கள் மின்னஞ்சல் வழியாக, 'பாட்ச்' எனப்படும் வேறுபாட்டுக் கோப்பாக அனுப்பப்படுகின்றன. ஒரே ஒரு எழுத்தை மாற்றினாலும், அதனை அளிக்கும் உரிமை தமக்கு உண்டு என உறுதிகூறும் 'சைன்டு-ஆஃப்-பை' வரி தேவை. இம்முறை 2004இல் அறிமுகமானது.

பைத்தான் மொழியின் ஆவணங்கள் 2007இல் லேடெக் வடிவிலிருந்து மறுகட்டமைப்பு உரை வடிவத்துக்கு மாற்றப்பட்டன. 2017இல் இத்திட்டத்தின் களஞ்சியம் கிட்ஹப்புக்கு நகர்ந்தது. எழுத்துப்பிழை போன்ற அற்பத் திருத்தங்களுக்கு வழு அறிக்கை தனியே பதியத் தேவையில்லை. இணைப்புக் கோரிக்கையை நேரடியாக அனுப்பலாம்.

மொழிபெயர்ப்புகளில் விளைவு

பைத்தான் ஆவணங்களின் மொழிபெயர்ப்பு, குனூ கெட்டெக்ஸ்ட் கோப்புகளைக் கொண்டு செய்யப்படுகின்றது. இம்முறையில் மூல ஆங்கில வாக்கியமே அதன் மொழிபெயர்ப்புக்கு அடையாளமாக உள்ளது. எனவே ஆங்கிலத்தில் ஒரு காற்புள்ளியை நீக்கினாலும் பழைய மொழிபெயர்ப்பு பொருந்தாமல் போகும். கருவிகள் அதனை ஐயத்துக்குரியது எனக் குறிக்கும். மொழிபெயர்ப்பாளர் அதனை உறுதிசெய்யும் வரை வாசகருக்குப் பொதுவாக ஆங்கிலப் பத்தியே தோன்றும். கேடியீ, குனோம் ஆகியவற்றின் தமிழாக்கங்களும் கெட்டெக்ஸ்ட் கோப்புகளையே பயன்படுத்துவதால் இச்சிக்கல் அவற்றுக்கும் பொருந்தும்.

சர்ச்சைகள்

2013 நவம்பரில் லிப்யுவி நிரலகத்தின் ஆவணக் குறிப்பில் இருந்த ஆண்பாற் பிரதிப்பெயரைப் பொதுப்பாலாக மாற்றும் கோரிக்கை, மிகச் சிறியது எனக் கூறி மறுக்கப்பட்டது. இது பெரும் விவாதமாகி, அம்மாற்றம் பின்னர் ஏற்கப்பட்டது.

2020 அக்டோபரில் இதற்கு எதிரான நிலை ஏற்பட்டது. டிஜிட்டல் ஓசன் நிறுவனத்தின் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில் நான்கு இணைப்புக் கோரிக்கைகளுக்கு டி-சட்டை பரிசாக அறிவிக்கப்பட்டிருந்தது. அதனைப் பெறுவதற்காக 'ரீட்மீ' கோப்புகளில் பொருளற்ற சொற்களைச் சேர்க்கும் கோரிக்கைகள் பராமரிப்பாளர்களிடம் குவிந்தன. சில நாட்களிலேயே, முன்வந்து இணையும் திட்டங்களுக்கு அனுப்பப்படுபவை மட்டுமே கணக்கில் கொள்ளப்படும் என விதி மாற்றப்பட்டது.

முதல் நிகழ்வில் சிறிய மாற்றத்துக்கு உரிய காரணம் இருந்தது. இரண்டாவதில் காரணமே இல்லை. ஆகவே திருத்தத்தின் அளவை விட, அதனால் வாசகருக்குக் கிடைக்கும் பயனே அதன் மதிப்பைத் தீர்மானிக்கின்றது.

பொதுவாக எதிர்பார்க்கப்படுபவை

- அண்மைப் பதிப்பில் பிழை இன்னும் உள்ளதா எனப் பார்த்தல்.
- ஒரு முன்மொழிவில் ஒரு வகை மாற்றத்தை மட்டும் செய்தல்.
- மாற்றத்துக்கான காரணத்தை ஓரிரு வரிகளில் எழுதுதல்.
- தனிப்பட்ட நடை விருப்பத்தைப் பிழையாகக் கருதாதிருத்தல்.

இவற்றையும் பார்க்கவும்

- கட்டற்ற மென்பொருள்
- லினக்ஸ் கருனி
- பைத்தான்