பனிமலையில் ஹெல்மெட் வந்த கதை

இன்னிக்கு ஒரு பொருளோட வரலாறு: பனிச்சறுக்கு ஹெல்மெட். மரங்களுக்கும் பாறைகளுக்கும் நடுவுல, மலையிலிருந்து வேகமா சறுக்கி இறங்குற விளையாட்டு இது. அதனால ஹெல்மெட் ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்கும்னு நினைப்போம். உண்மையில், 1990-கள்லகூட பெரும்பாலானவங்க தலையில இருந்தது கம்பளிக் குல்லாதான். அது ஹெல்மெட்டா மாறுறதுக்குள்ள சில உயிர்கள் போயிடுச்சு.

முதல் திருப்பம் 1959. ஜெர்மனியின் கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஷனில் நடந்த டவுன்ஹில் பந்தயத்துல, ஜான் செம்மெலிங்க் என்ற கனடா வீரர் விழுந்து இறந்துபோனார். அவர் ஹெல்மெட் போட்டிருந்தார், ஆனா அது தோல் ஹெல்மெட். மறு வருஷம், 1960-ல், அமெரிக்காவின் ஸ்குவா வேலியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில், டவுன்ஹில் வீரர்களுக்குக் கெட்டியான ஹெல்மெட் கட்டாயமாச்சு.

ஆனா இந்த விதி பந்தய வீரர்களுக்குத்தான். விடுமுறைக்கு வந்து சறுக்குறவங்க, 'நாம என்ன ரேஸா ஓட்டுறோம்?'ன்னு குல்லாவோடவே இருந்துட்டாங்க. அடுத்த திருப்பத்துக்கு ஏறக்குறைய நாற்பது வருஷம் ஆச்சு.

1997 டிசம்பர் 31. கொலராடோவின் ஆஸ்பென் மலையில், ராபர்ட் கென்னடியின் மகன் மைக்கேல் கென்னடி மரத்துல மோதி இறந்தார். அஞ்சே நாள்ல, 1998 ஜனவரி 5 அன்று, பாடகராக இருந்து அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரான சானி போனோவும் இன்னொரு மலையில் அதேமாதிரி மரத்துல மோதி இறந்தார். ரெண்டு பேருமே ஹெல்மெட் போடலை.

அதுக்கப்புறம்தான் அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் கணக்கெடுத்தது. 1999-ல் அறிக்கை வந்தது. 1997-ல் மட்டும் பனிச்சறுக்கு, ஸ்னோபோர்டிங் ரெண்டுலயும் சேர்த்து சுமார் 17,500 தலைக்காயங்கள். ஹெல்மெட் இருந்திருந்தா, அதுல 7,700 காயங்களைத் தடுத்திருக்கலாம் அல்லது குறைச்சிருக்கலாம்னு அந்த அறிக்கை சொன்னது.

மூணாவது சம்பவம் 2009 மார்ச்சில். நடிகை நடாஷா ரிச்சர்ட்சன், கனடாவின் மோன்-ட்ரெம்ப்ளான் மலையில், புதுசா கத்துக்குறவங்களுக்கான சரிவுல விழுந்தார். மரமும் இல்லை, பெரிய வேகமும் இல்லை. ஹெல்மெட்டும் இல்லை. எழுந்து நல்லாத்தான் பேசினார், மருத்துவ உதவி வேண்டாம்னும் சொல்லிட்டார். பிறகு தலைவலி வந்தது. ரெண்டு நாள்ல இறந்துட்டார். மண்டையோட்டுக்கு உள்ளே ரத்தம் கசிஞ்சு மூளையை அழுத்தியிருந்தது. 'மெதுவாத்தானே போறேன்'ங்கிற சமாதானம் அன்னிக்கு உடைஞ்சது.

மலைகள்ல காட்சி மாறுச்சு. அமெரிக்காவில் 2002-03 சீசனில் சுமார் 25 சதவீதம் பேர் ஹெல்மெட் போட்டாங்க. பத்து வருஷத்துல அது 70 சதவீதத்தைத் தொட்டது.

அப்போ பிரச்சினை தீர்ந்ததா? 2013 டிசம்பர் 29-க்கு வாங்க. பிரான்சின் மெரிபெல் மலையில், ஃபார்முலா ஒன் சாம்பியன் மைக்கேல் ஷூமாக்கர் பாறையில மோதினார். ஹெல்மெட் போட்டிருந்தார். உயிர் பிழைச்சார், ஆனா மூளையில கடுமையான காயம்.

காரணத்தைப் புரிஞ்சுக்க, ஹெல்மெட்டை எப்படிச் சோதிக்கிறாங்கன்னு பார்க்கணும். ஐரோப்பாவின் இ.என். 1077 தரச் சோதனையில், சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து ஹெல்மெட்டை விழ வைப்பாங்க. தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு ஏறக்குறைய 20 கி.மீ. ஆனா சரிவுல 40 கி.மீ. வேகம் ரொம்ப சாதாரணம். உள்ளே இருக்கிற ஃபோம் தான் நசுங்கி, அடியோட வேகத்தை உறிஞ்சுது. அதுக்கும் ஒரு எல்லை உண்டு.

எல்லை உள்ள பாதுகாப்பு முழுசா கிடைக்கணும்னா, ஹெல்மெட் விழும்போதும் தலையிலேயே இருக்கணும். அதனாலதான் அந்தச் சோதனையிலேயே, இழுத்தா ஹெல்மெட் தலையிலிருந்து உருண்டு கழண்டு வருதான்னும் பார்க்கிறாங்க. லூசான ஹெல்மெட் பின்னாடி நழுவினா நெற்றி திறந்து கிடக்கும்.

குல்மர்க், ஔலி, சோலாங் பக்கம் போறவங்க, வாடகைக்கு எடுக்கும் இடத்துலயே இதைப் பாருங்க:

புருவத்துக்குக் கொஞ்சம் மேலே, தலையைச் சுத்தி டேப் வச்சு அளந்து, அந்த அளவை வாங்குங்க. உள்ளே குல்லா போடாதீங்க. ஹெல்மெட் புருவத்துக்கு மேலே ஒரு விரல், ரெண்டு விரல் உயரத்துல, நேரா உட்காரணும். வாரைப் பூட்டாம தலையை ஆட்டுங்க. நெற்றித் தோலும் சேர்ந்து அசைஞ்சா சரி, ஹெல்மெட் மட்டும் ஆடினா பெருசு. ஒரே இடத்துல அழுத்தி வலிச்சா சின்னது, இல்லைன்னா உங்க தலை வடிவத்துக்கு ஒத்துவராதது. தாடை வாருக்குள்ள ஒரு விரல் போனா போதும். கண்ணாடியையும் போட்டுப் பாருங்க. அது ஹெல்மெட்டை மேலே தள்ளக் கூடாது.

பலமா ஒரு அடி வாங்கின ஹெல்மெட்டை மாத்திடுங்க. வெளியே கீறல் இல்லைன்னாலும் உள்ளே ஃபோம் நசுங்கியிருக்கலாம்.

தலை அடிபட்ட நண்பர் 'எனக்கு ஒண்ணுமில்ல'ன்னு சொன்னாலும் தனியா விடாதீங்க. தலைவலி, வாந்தி, தடுமாற்றம்னு எது வந்தாலும் உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.